உதைபடும் உருண்டை

…அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். 'உதைபடும் உருண்டை'ன்னா பந்துதானே? பச்சக் கொழந்த சொல்லும். ப, ந், து… மூணு எழுத்து. உங்க கையில இருக்கிற பேப்பர்ல எத்தன கட்டம்? ரெண்டு. எங்க அண்ணன் பொண்ணு அதுல 'மாமா'ன்னு எழுதி எனக்குப் போட்டோ அனுப்பியிருக்கா. எங்க வீட்டுக்காரரு கொஞ்சம் பூசுன ஒடம்பு, அதுக்காக இப்படியா? அவரும் பாத்துட்டு, கட்டத்துல சரியா உக்காருதேங்கிறாரு.

இங்க பாருங்க, 'தேய்வதும் வளர்வதும் இதன் வேலை'. நிலா. ரெண்டே எழுத்து. அஞ்சு கட்டம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நீங்க 'முழுநிலவு'ன்னு எழுதியிருக்கீங்க… முழுசா இருக்கிறது இன்னும் எங்க தம்பி வளரும்? உங்களச் சொல்லி என்ன பண்ண. காலையிலருந்து வாசகருங்க போன் மேல போன் பண்ணி ஆசிரியர ஒரு வழி பண்ணிட்டாங்களாம். நீங்க பத்திரிகை ஆபீசுக்கே நேர்ல வந்துட்டீங்க.

இந்தக் குறுக்கெழுத்தப் போடுறவளே நான்தான். பதினோரு வருஷமா. இந்த வாரத்துக்குன்னு பூரா உருண்டையாவே யோசிச்சேன், கோலி, முத்து, பூசணிக்கா… தலையே சுத்திப் போச்சு. பக்கம் வடிவமைக்கப் போன மாசம்தான் புதுசா ஒரு ஆளு வந்திருக்காராம். எல்லாம் அவரு கைங்கரியம். அடுத்த வாரக் கட்டத்த எடுத்து இந்த வாரக் குறிப்புக்கு மேல வெச்சிருக்காரு. நான் சரியாத்தான் குடுத்தேன், மாத்துனது அவருதான்னு ஆசிரியர்ட்ட போன்லயே சொல்லிட்டேன். இன்னிக்கே அவரு சீட்டக் கிழிச்சிருவாங்கன்னு வாசல்ல பேசிக்கிறாங்க.

நான் எவ்ளோ ஒழுங்கு தெரியுமா? கட்டம் ஒரு தாள்ல, குறிப்பு ஒரு தாள்ல, ரெண்டயும் சேத்துக் குண்டூசி குத்தி, மூலையில நம்பர்… நம்பர் இந்தத் தடவ போடல. மேசையில இருந்ததே ரெண்டு வாரத்துதான், எங்க போயிரப் போவுது? அன்னிக்குப் பாத்து, கெளம்புற நேரத்துல எங்க வீட்டுக்காரரு சட்டப் பித்தான் தெறிச்சிருச்சு. அவசரத்துக்கு அந்தத் தாள்கள்ல இருந்த ரெண்டு ஊசியயும் உருவி அவரு வயித்துல… சட்டையிலதான்… குத்தி அனுப்புனேன். அப்புறம் வேற ஊசி எடுத்து, கண்ணாடிகூடப் போடாம, இந்தக் கட்டத்தோட அந்தக் குறிப்ப…

அடக் கடவுளே.

இல்ல… ஒண்ணுமில்ல தம்பி. ஆசிரியர் ரூமுக்குள்ள யாரையோ கூப்பிடுறாங்க பாருங்க. பக்கம் வடிவமைக்கிறவரயா? நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க?

…

அப்போ இவ்ளோ நேரமா, எங்க தப்பு பண்ணோம்னா தேடிக்கிட்டிருந்தீங்க? நான் வாய்க்கு வந்தபடி பேசுறேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

உக்காருங்க. நான் போறேன் உள்ள. அந்தப் பேப்பரயும் பேனாவயும் இப்படிக் குடுங்க… உதைபடும் உருண்டை, ரெண்டு கட்டம். 'நான்'. சரியா உக்காருது பாருங்க.