விவரத்தாளின் இரண்டாம் பக்கம்

எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் ஓடுகிற நாட்கள் குறைவு. ஜெலுத்தோங் வட்டாரத்தில் பழைய கட்டடம் என்றால் அப்படித்தான். ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்காமல் நீங்கள் வந்து சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம். உட்காருங்கள். என் தங்கை சந்திரிகா சமையலறையில் இருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டேன், நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது.

கம்பெனியிலிருந்து யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாளை எழுதியவன் நான்தான். முப்பது என்ற எண்ணும் என் கையெழுத்துதான். நீங்கள் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர், சர்க்யூட் போர்டு பக்கம் வந்திருக்க மாட்டீர்கள், அதனால் எளிமையாகச் சொல்கிறேன்.

போன வருடம் யூ.எஸ்.பி. எங்களுக்குப் புதிது. ஒரு வழியை நான்காகப் பிரித்துத் தரும் சில்லுக்கு ஹப் என்று பெயர். எங்கள் சோதனை போர்டில் அதைப் பற்றவைத்திருந்தோம். வெளியே செருகும் கீபோர்டையும் மௌஸையும், நீ யார் என்று கர்னல் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். கர்னல் என்றால் கணினியை உள்ளிருந்து நடத்துகிற மென்பொருள். போர்டில் இருக்கும் ஹப்பை எடுத்த எடுப்பில் அப்படிக் கேட்க முடியாது. முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், பிறகு அதை அடக்கி வைத்திருக்கும் ரீசெட் கம்பியை விடவேண்டும். அதற்குப் பிறகுதான் அது வாய் திறக்கும். எந்தக் கம்பி, எவ்வளவு நேரம் என்பதை யாராவது அளந்து கர்னல்காரர்களுக்கு எழுதித் தர வேண்டும். இருபது வருட அனுபவம் இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதுவேன். இந்த ராமதாஸ் தாளில் திருத்தம் வந்ததில்லை என்று பிரிவில் பேச்சு.

தாளை வாங்குகிறவர் ஒவ்வோர் எண்ணையும் ஸ்கோப் என்ற அளவுக் கருவியை வைத்துத் தானும் அளந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அது விதி. மற்ற எல்லோரும் தங்கள் பகுதி எண்களை அளந்தார்கள். சந்திரிகா மட்டும் அளக்கவில்லை. கர்னலில் ஹப் பகுதி அவளுடையது. நான் தாளை நீட்டியபோது முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உன் பேப்பரையும் அளக்கணுமா அண்ணே? அப்புறம் நீ போடுற சோத்தையும் தராசுல வெச்சுப் பாக்கணும் லா."

அந்தச் சிரிப்பு அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா போனபோது சந்திரிகாவுக்கு வயது ஆறு, எனக்கு இருபத்தொன்று. சடை பின்னக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு மூச்சிழுப்பு வந்தால் நெஞ்சில் தைலம் தேய்த்து மடியிலேயே வைத்திருப்பேன். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினேன். அவளை யூனிவர்சிட்டிவரை படிக்கவைத்தேன். எங்கள் தொழிற்சாலையிலேயே அவளுக்கு வேலை கிடைத்த அன்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

அயர்லாந்து ஆபீசுக்கு மூன்று வருடம் ஒருவரை அனுப்பப்போகிறார்கள், மார்ச் மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னால் போர்டு ஒழுங்காக ஓடினால் அது சந்திரிகாதான் என்று ஜனவரியில் சொன்னார்கள். அன்றே ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாள். வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக்கொண்டு இந்த ஹாலில் நடந்து காட்டினாள்.

"எப்படி இருக்கு அண்ணே? வெள்ளைக்காரி மாதிரி இல்ல?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. ஆனால் அவளுக்கு இழுப்பு உண்டு, குளிர் ஆகாது. அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? அதை மட்டும்தான் நினைத்தேன்.

ஹப் தாளை அந்த வாரம்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஹப்புக்கு ஐம்பது மில்லி செகண்ட் பொறுக்க வேண்டும். நான் முப்பது என்று எழுதினேன். ஐந்து என்று எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பாள். கம்பியை மாற்றி எழுதியிருந்தால் அதைவிடச் சீக்கிரம். போர்டு சூடாக இருக்கும்போது முப்பது போதும். ஏர்கானில் கிடந்து குளிர்ந்த போர்டுக்குப் போதாது. பத்துத் தடவையில் ஒரு தடவை நான்கு வழியும் செத்துக் கிடக்கும். அணைத்துப் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதையெல்லாம் அளந்து பார்த்துத்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏழு வாரம் தேடினாள். தன் புரோகிராமை வரிவரியாகப் பிரித்து மறுபடி எழுதினாள். சாப்பாடு இறங்கவில்லை. பிரிவுத் தலைவர் நூர் முகம்மது என் மேசைக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார்:

"பேப்பரை நம்பாதே லா சந்திரிகா. நீயே ஸ்கோப்பை வெச்சுப் பாரு."

"எங்க அண்ணன் எழுதினது சார். அதுல தப்பு இருக்காது."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒருமுறை என்னிடம் வந்து, "அந்த முப்பது சரிதானே அண்ணே?" என்று கேட்டாள். இரண்டு தடவை அளந்தேன் என்றேன். கேட்டதற்கே வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டாள்.

வாடிக்கையாளர்கள் வந்த அன்று காலை பத்து மணி. போர்டு ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. கீபோர்டு உயிர் பெறவில்லை. மறுபடி போட்டாள், மறுபடியும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மத்தியானம் விசாரணைக்கு என்னிடம் இருந்த தாளைக் கேட்டார்கள். கையெழுத்து முதல் பக்கத்தில்தானே இருந்தது? இரண்டாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஐம்பது என்று எழுதிய புதுப் பக்கத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். சந்திரிகா தாளைப் பார்த்தாள். முப்பது என்று இருந்த தன் திரையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது.

"முப்பதுன்னு தானே இருந்துச்சு? உங்கிட்டகூடக் கேட்டேனே அண்ணே?"

"ஐம்பதுன்னுதான் கேட்டே. களைச்சுப் போயிருக்கே, வீட்டுக்குப் போலாம் வா."

அத்துடன் முடிந்தது. அயர்லாந்துக்கு வேறொருவர் போனார். அவள் வேலையை விட்டாள். தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. பஸ் நம்பரைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள். கேஸ் அடுப்பை அடைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவளைத் தனியாக விட முடியாமல் நானும் வேலையை விட்டுவிட்டேன். பழைய பக்கத்தை என் ஆபீஸ் அலமாரியிலேயே விட்டு வந்தது என் பிசகு. நான் எழுதிய தாளைக் கிழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அதை யாரோ கண்டெடுக்க, தவறு அவளுடையது அல்ல, திரும்பி வரலாம் என்று நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதம் போன மாதம் வந்தது. தபால் பெட்டிச் சாவி என்னிடம். விருப்பமில்லை, இனி எழுத வேண்டாம் என்று உங்களுக்கு வந்த பதிலை அவள் எழுதவில்லை. அவள் கையெழுத்து எனக்கு நன்றாக வரும், சின்ன வயதில் கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் கடிதத்தில் அயர்லாந்து இல்லை, குளிர் இல்லை, இருபது நிமிட பஸ் தூரத்தில் பழைய நாற்காலி மட்டும்தான் இருந்தது, அதை ஏன் மறைத்தீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். யோசித்தபடியே அந்தப் பதிலைத் தபாலில் போட்டேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். போலீசுக்குப் போவதென்றாலும் சரி. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். என்னையும் நம்ப முடியாது என்றால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இப்போது நிம்மதியாக இருக்கிறாள். என் சொல்லில் சந்தேகம் இருந்தால் கூப்பிடுகிறேன், நீங்களே கேளுங்கள், சந்தோஷமாக இருக்கிறாயா என்று. இருக்கேன் என்றுதான் சொல்வாள். சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் என் முகத்தைப் பார்ப்பாள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது வெறும் பழக்கம்.