நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, ஊசியோடும் நூலோடும் உழைத்து உருகிய மூத்தோர்களே, முன்வரிசையில் கண் துடைத்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தையல் மெஷினில் என் தோளுரசி உட்காரும் தோழிகளே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

இந்த இரங்கல் கூட்டம் என் அக்காவுக்காக. காலர் தைப்பதில் அவள் விரலுக்கு ஈடு எது? அவளை இழந்த அன்று காலை அவளுக்கு வயிற்றுப்போக்கு. கம்பெனித் தொட்டித் தண்ணீர் தந்த பரிசு. லீவு கேட்டாள், சூப்பர்வைசர் மறுத்தார். நம் வரிசையில் நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றே ஒன்று. ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம். அதனால் நாம் என்ன கற்றோம்? தாகத்தை விழுங்கக் கற்றோம். புதிதாக வருகிறவளுக்கு நூல் கோக்கச் சொல்லித் தருமுன் தண்ணீர் பாட்டிலை மூடச் சொல்லித் தருகிறோம்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவள்தான்.

அன்று வேலைக்கு வரும் வழியில் சுகாதார நிலைய நர்சம்மா ஓர் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்திருந்தார். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் குடிக்கச் சொன்னார். அக்கா கரைத்து எடுத்து வந்தாள். பாட்டிலைத் திறந்தாள். தடுத்தவள் நான்.

"குடிச்சா இன்னும்தான் போகும்க்கா. பெல் அடிக்கிற வரைக்கும் வாயக் கட்டு."

"சரிங்க டாக்டரம்மா," என்று மூடி வைத்தாள்.

மதியத்துக்குள் ஆறு முறை டோக்கனுக்குக் கெஞ்சினாள். பிறகு கெஞ்சவில்லை. போக்கு நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை தாய்மார்களே, எழத் தெம்பில்லை! நாக்கு வறண்டது, கண் குழிந்தது, கால் இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. காலையிலிருந்து என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. இன்று சொல்கிறேன்: ஒரு மடக்குக்கூட இல்லை.

கொன்றது கிருமி மட்டுமா? கிருமி தொடங்கியது, டோக்கன் தொடர்ந்தது, என் நாக்கு முடித்தது.

'உன் தப்பு இல்லம்மா' என்று பின்னாலிருந்து சொல்லும் அண்ணனே, அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வயிற்றால் போகப் போக அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெல் அடிக்கும்வரை எந்த உயிரும் காத்திருக்காது.

இதோ என் கையில் அந்த டோக்கன். அது தொங்கும் ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நாளை கம்பெனியில் இதைக் கேட்பார்கள். நாற்பது பேரும் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்வோமா?

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. தலைவர் எனக்கு வைத்த இந்த டம்ளர் தண்ணீரை, அக்கா, உன் படத்தின் முன் வைக்கிறேன். வணக்கம்.