பீட்டர்கினுக்கு ஒரு பிரியாவிடை

முப்பது வருடம் கூடைப்பந்து நிருபராக இருந்தால் வயிறு என்ன ஆகும் என்பதற்கு நானே அத்தாட்சி. அரங்கத்தில் பத்திரிகைக்காரர்களுக்குச் சாப்பாடு இலவசம். டொலீடோ அணியின் எந்த ஆட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. அங்கே போடும் மாக்ரோனிக்காகத்தான் வருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

லீக் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஆட்டம் முடிந்த இருபது நிமிடத்தில் கட்டுரை போய்ச் சேர வேண்டும். அதனால் ஆட்டம் நடக்கும்போதே வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று எழுதி வைப்போம். உதவாதது குப்பைக்குப் போகும். அதற்காக யாரும் அழுவதில்லை.

லமார் பீட்டர்கின் பதினான்கு வருடம் எங்கள் அணியில் ஆடியவன். இந்த சீசனோடு போதும் என்று ஜனவரியில் என்னிடம் சொன்னான். மூன்று மாதம் உட்கார்ந்து அவனுக்கு ஒரு பிரியாவிடைக் கட்டுரை எழுதினேன். நான் எழுதியதில் அது ஒன்றுதான் உருப்படி. என் எழுத்தைப் படித்தால் கொட்டாவி விடும் என் மனைவி டோரிஸ், அதைப் படித்து மூக்கைச் சிந்தினாள்.

ஏப்ரலில், சீசன் கடைசியில் வரும் பிளே-ஆஃப் ஆட்டத்தன்று காலைப் பயிற்சியில், லமார் என் டோனட் பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"என்ன பெருசு, மூணாவதா? நாற்காலி பாவம்."

"உன்ன வழியனுப்பத் தெம்பு வேணாமா?"

"அத விடு. இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாம்னு இருக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "இடது முட்டிதான் சொன்ன பேச்சு கேக்கல. பக்கவாட்டுல யாராச்சும் இடிச்சா போச்சு. எழுதிராத பெருசு."

எழுதவில்லை. எழுதாதே என்றால் எழுத மாட்டேன். ஆனால் எனக்கு அந்த ஜூனில் ஓய்வு. இரண்டு வருடம் கழித்து அவனுடைய பிரியாவிடையை வேறு எவனாவது எழுதுவான். ஒருத்தனுக்கும் காற்புள்ளி எங்கே வைப்பதென்று தெரியாது. மதியம் எதிரணிப் பயிற்சியாளர் ரே ஹட்னட்டோடு சூப் குடித்தேன். எந்த முட்டி, எந்தப் பக்கம் என்று சொன்னேன்.

"இத எதுக்கு என்கிட்ட சொல்ற?" என்றார்.

"சும்மா, பேச்சுக்கு" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரில் அவருடைய ஆள் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் மேஜை வரை கேட்டது. அதோடு அவன் ஆட்டம் முடிந்தது; என் கட்டுரை அன்றிரவே போய்ச் சேர்ந்தது. லமார் மேல் எனக்கு உயிர், அதில் சந்தேகம் வேண்டாம். இன்றும் அவன் கைத்தடியோடுதான் நடக்கிறான். என் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் செய்து வயிற்றைக் கிண்டல் செய்வான்.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசி வரியில், அவன் கையசைத்தபடி நடந்து வெளியேறினான் என்று எழுதியிருந்தேன். ஸ்ட்ரெச்சர் என் மேஜையைத் தாண்டும்போதே அதை அடித்துத் திருத்திவிட்டேன். முப்பது வருடத்தில் உண்மைக்கு மாறாக ஒரு வரிகூட என் பெயரில் வந்ததில்லை.