உறையில் விரல் வைத்த இடம்

காப்பி நன்றாக இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. நடந்ததைச் சொல்கிறாயா, எழுதித் தருகிறாயா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதியே தருகிறேன். மெதுவாகத்தான் வரும். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, நாற்பதைத் தாண்டிய பிறகு, மாலைப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவன் நான்.

அதற்கு முன்னால் 'இரும்புப் பாலம்' ராக் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் அவர்கள் வாசிக்காத ஊர் யூகோஸ்லாவியாவில் இல்லை. லூபிஷா கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் கன்றுக்குட்டி கனம் கனக்கும். அதை ஏற்றி இறக்கியதில் போனதுதான் என் முதுகு.

அந்தப் பெட்டி ஓயாமல் உறுமும். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் உறுமல் நின்றுவிடும். அன்றைக்குப் பல குழுக்கள் அப்படித்தான் வாசித்தன. ஆபத்து தெரியாமல் இல்லை. கையில் கிதார் கம்பி, உதட்டில் மைக். எங்காவது கரண்ட் கசிந்தால் நடுவில் இருப்பது மனிதன். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. லூபிஷா பாடி முடிக்கும்வரை நான் மேடை ஓரத்தில் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நிற்பேன். அவர் உடம்பு விறைத்தால் சுவிட்சை இழுத்து அணைத்துவிடுவேன்.

ஷாபாட்ஸ் ஊரில் தூறலில் ஒரு முறை அப்படி ஆனது. கரண்ட் பிடித்தவனால் கையை விட முடியாது. தாடையும் பூட்டிக்கொள்ளும், கத்த முடியாது. அவர் கண் மட்டும் என்னைத் தேடி வந்தது. இழுத்தேன். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டா, நல்ல இடத்துல பாட்டை நிறுத்திட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு பிளம் சாராயம் குடிக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் இல்லடா விதோயே. அடுத்த தட்டுல உன் பேரைப் போடறேன்" என்றார்.

இசைத்தட்டு வந்தது. உறையின் பின்பக்கத்தில், கீழே, விரலை வைத்துக் காட்டினார். "இங்க பாரு, உன் பேரு." எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

ருஜாவைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போனபோது அவள் அப்பாவிடம் அந்த உறையைத்தான் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் காட்டிய இடத்தைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ருஜாவும் படித்தவள்தான். நான் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டும்போது, அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நான் முதலில் படித்தது அந்த இடத்தை. 'அனுமதியின்றிப் பிரதி எடுக்கக் கூடாது' என்று இருந்தது. மேலே நன்றி சொல்லியிருந்தவர்களில் வேன் ஓட்டியவன் இருந்தான். டிரம்ஸ் வாசித்தவரின் நாய் இருந்தது. நான் இல்லை. கோபம் வரவில்லை. அச்சகத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ருஜாவிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் சாகும்வரை பேசவில்லை.

இந்தக் கோடையில், அந்தக் காலத்துக் குழுக்களையெல்லாம் கூட்டி ஸ்மெதெரெவோ கோட்டைக்குள் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். விதோயே வந்தால்தான் மேடை ஏறுவேன் என்று லூபிஷா சொன்னாராம். போனேன். பொத்தான் எட்டாத தோல் சட்டைகளோடு மத்தியானமே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது.

"டேய் கிழவா, இன்னும் சாகலையா நீ?" என்றார் லூபிஷா.

"உங்க பெட்டியைத் தூக்க ஆள் வேணுமில்லண்ணே."

"வயித்தைப் பாரு, பீப்பா மாதிரி."

"உங்க முடியைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

சிரித்துச் சிரித்து இருமினார். அப்போது பையிலிருந்து உறையை எடுத்தேன். "அண்ணே, கண்ணு சரியாத் தெரியல. இதுல என் பேரு எங்க இருக்கு?"

அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. விரல் நேராக அதே இடத்துக்குப் போனது. "இங்கதான்டா. எத்தனை தடவ காட்டறது?"

நானும் சிரித்தேன்.

ஒத்திகையில் பெட்டி உறுமியது. ஒலியைப் பார்த்துக்கொண்ட ஓக்னென் சின்ன வயசுக்காரன், நல்ல பையன். "விதோயே மாமா, எர்த்துல மட்டும் கை வெச்சிடாதீங்க. உறுமினா உறுமிட்டுப் போகட்டும்" என்றான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க இப்படித்தான் வாசிச்சோம், தம்பி" என்றார் லூபிஷா. பிறகு என் பக்கம் திரும்பி, "கழட்டுடா. அதான் நீ சுவிட்ச்கிட்ட நிப்பியே?"

"நிப்பேண்ணே."

ஓக்னென் அந்தப் பக்கம் போனதும் கழற்றினேன். அவர் சொல்லித்தான் கழற்றினேன்.

சாயங்காலம் தன்யூப் ஆற்றுப் பக்கமிருந்து தூறல் வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் பாட்டு வந்தது. பல்லவியில் தான் பாடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பாடவிடுவது லூபிஷாவின் வழக்கம். ஈரக் கையால் மைக் கம்பத்தைப் பிடித்தார். விறைத்தார். அவர் வழக்கம்போல் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து ஜனம் பாட ஆரம்பித்தது. டிரம்ஸ்காரர் பின்னாலிருந்து அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாசித்துக்கொண்டே போனார். லூபிஷாவின் கண் மட்டும் என்னைத் தேடி வந்தது, ஷாபாட்ஸில் வந்த மாதிரியே.

என் கை சுவிட்சில் இருந்தது. முதுகுவலி இல்லை, மயக்கம் இல்லை, மறதியும் இல்லை. சுவிட்ச் இறுகியிருந்ததா என்று உங்கள் ஆள் கேட்டார். இல்லை, நான்தான் காலையில் அதற்கு எண்ணெய் விட்டிருந்தேன். ஜனம் பல்லவியை முழுதாகப் பாடியது. இன்னொரு தடவையும் பாடியது. வயதானவர்கள் சேர்ந்து பாடினால் அப்படி ஒரு அழகு இருக்கிறது. ஓக்னென்தான் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை இழுத்தான். அதற்குள் லூபிஷா முடிந்துபோயிருந்தார்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் மேல் எனக்கு வருத்தம்கூடக் கிடையாது. மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. அத்தனை ஜனமும் எதிரே இருந்தது. 'விதோயே' என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த நிமிஷமே இழுத்திருப்பேன். அவர்தான் கூப்பிடவில்லை.