வழக்குப் போட்டவரிடமிருந்து வந்த அழைப்பு

அன்னூர் பேருந்தில் என் முன் இருக்கையில் வெள்ளைக்கோல் வைத்திருந்த பெண்ணும் அவருடைய கூட்டாளியும் உட்கார்ந்திருந்தார்கள். பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள் செய்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“நம்ம மேல கேஸ் போட்ட கம்பெனிக்காரரு காலைல கூப்பிட்டாருங்க,” என்றார் அந்தப் பெண்.

“காப்புரிமைன்னு இன்னும் என்னங்க கேக்கறாரு?”

“கேஸை வாபஸ் வாங்கிட்டாங்களாம். போன் திரையில விரல் வெச்சா வாசிக்கிற முறைய அவங்களுக்கு முந்தியே நாம பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துல குடுத்தோம்னு அங்க படிச்சவங்களே கோர்ட்டுல சொன்னாங்கல்லங்க.”

கூட்டாளி அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப நம்ம கம்பெனிய மூட வேண்டாங்களா?”

“வேண்டாங்க. இன்னொன்னும் கேட்டாரு. அவரு அக்காளுக்குப் பார்வை மங்குதாம். தமிழுக்கு நம்முளுதுதான் தெளிவா இருக்குதாம், அவங்களுக்குப் போட்டுக் குடுப்பீங்களான்னாரு.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“ஞாயித்துக்கெழம ஊட்டுக்கே வந்து அக்கா போன்ல போட்டுக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டேன்.”