கோணலான யவனச் சாடி

தாங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி சற்று ஆடும். அதன் வலப்புறப் பின்கால் மற்ற மூன்றைவிட ஒரு நெல்லளவு குட்டை. தச்சருக்கு மும்முறை சொல்லியனுப்பினேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபின் தச்சர்கள் எல்லாரும் ஃபிட்டர்கள் ஆகிவிட்டார்கள். நாட்டில் நேராக நிற்கும் நாற்காலி அருகிவிட்டது. அதற்காக ஆய்வாளர் ஐயா நின்றுகொண்டே விசாரிக்க வேண்டியதில்லை. அமருங்கள். உடன்வந்த காவலர் நான் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். கையொப்பமிடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். முப்பத்தோராண்டுகள் பள்ளியில் செய்த வேலைதான். இன்னும் ஒருநாள் செய்வதால் குறைந்துவிட மாட்டேன்.

ஓடைமேட்டுச் செல்லியம்மாள் 1972-ஆம் ஆண்டு கண்டெடுத்த சாடி எங்கே என்பது தங்கள் கேள்வி. விடை ஒரு வரிதான். ஆயினும் முதல் வரியை முதலில் சொல்லாமல் கடைசி வரியைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

1963-இல் பள்ளிக் கண்காட்சிக்காக யவனர்களின் மதுச்சாடியைப் போன்று ஒன்றை என் கையால் வனைந்தேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியிலிருந்து நம் கடற்கரைக்குக் கப்பலேறி வந்த சாடியின் வடிவம் அது. கூரிய அடி, நீண்ட கழுத்து, கழுத்தின் இருபுறமும் பிடி. அருங்காட்சியகத்தில் நான் கண்டவை உடைந்த ஓடுகளே. எஞ்சியதை அறிவால் நிரப்பிக்கொண்டேன். நாடெங்கும் நேரான சாலை போட்ட மக்கள் தாம் குடிக்கும் சாடியையும் நேராகத்தான் செய்திருப்பார்கள். இதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

கவராயம், அளவுகோல், தூக்குக்குண்டு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு வனைந்தேன். கொல்லையில் சூளை கட்டிச் சவுக்கு விறகிட்டுச் சுட்டேன். ஒன்று பத்தாகி, பத்து நாற்பதாயிற்று. அவற்றில் எதையெடுத்தாலும் இரு பிடிகளுக்குமிடையே மயிரிழை வேறுபாடும் காணமாட்டீர்கள். பார்க்க வந்த ஓர் உயரதிகாரி, "மெஷின்ல பண்ணாப்பல இருக்கு" என்றார். அவர் கற்றிருந்த பாராட்டு அவ்வளவே. ஒழுங்கு என்றால் என்ன என்பதை, அச்சாடிகளைக் காட்டித்தான் ஆண்டுதோறும் மாணவியருக்குக் கற்பித்தேன்.

எனக்குக் களிமண் வெட்டி வந்தவள் செல்லியம்மாள். ஓடைமேட்டில் அப்போது நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன, எல்லாரும் வயற்கூலிகள். மண்ணை மிதித்துப் பதப்படுத்திவிட்டு, நான் வனைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வாய் மட்டும் ஓயாது.

"இவ்ளோ அளந்து இன்னாம்மா ஆவப்போவுது? ஊத்துற தண்ணிக்கு அளவு தெரியுமா?" என்பாள்.

ஒன்பதாண்டுகள் அவளுக்கு மௌனம் கற்பிக்க முயன்றேன். என் பணிக்காலத்தில் தோல்வியுற்ற மாணவி அவள் ஒருத்திதான்.

1972 மே மாதம் ஒரு முற்பகலில் சேறு வழியும் சாடியொன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க பண்ண பானைய எங்க ஊட்டுப் பின்னால பொதச்சி வச்சிக்கீறீங்களே, இன்னா வேண்டுதல்?" என்று சிரித்தாள். கீழே இறக்கிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "சே, இது உங்குது இல்ல. கோணலா கீது."

அது யவனச் சாடிதான். ஓடாக இல்லாமல் முழுதாக இருந்தது. மண்ணின் நிறத்தைக் கண்டவுடனே தெரிந்துகொண்டேன். இடப்பிடி வலப்பிடியைவிட ஒரு விரல் உயர்ந்திருந்தது. வாய் வட்டமாக இல்லை, கோழிமுட்டையைப்போல் நீண்டிருந்தது. கழுத்து ஒருபுறம் சாய்ந்திருந்தது. இடப்பிடியின் கீழே, ஈரமண்ணில் எவனோ அழுத்திய கட்டைவிரற்குழி அப்படியே இருந்தது. தேய்த்துவிடக்கூட அவனுக்குப் பொழுதில்லை.

செல்லியம்மாள் தன் கட்டைவிரலை அக்குழியில் வைத்தாள். "பாருங்கம்மா, எனக்கின்னே அளவெடுத்தாப்ல கீது. நம்மள மாதிரி எவனோ கூலிக்காரன்தான் பண்ணிக்கீறான், பாவம். மேஸ்திரி அவசரப்படுத்திக்கீறான் போல."

ஒரு பேரரசின் கைவினைத் திறத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

அந்த மாதந்தான் ஓடைமேட்டைத் தொழிற்சாலைக்காக எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. பழம்பொருள் கிடைத்த நிலத்தில் கைவைக்கமாட்டார்கள் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நீங்க ஒரு லெட்டர் போடுங்கம்மா. உங்க எழுத்துன்னா மதிப்பாங்கோ. இந்தப் பானைதாம்மா இப்ப எங்க ஊரு. எங்க ஊட்ல வச்சா கோழி தள்ளிடும், உங்க பீரோலயே இருக்கட்டும்" என்றாள்.

கடிதம் எழுதினேன். தொல்பொருள் அறிஞர் அருணாச்சலம் ஐந்து வாரங்களில் நேரில் வருவதாகவும், அவர் கருத்துச் சொல்லும்வரை நிலத்தைத் தொடவேண்டாமென்று உரியவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் விடை வந்தது. பிழையற்ற கடிதத்திற்கு அரசும் செவிசாய்க்கும் என்பதற்கு அது சான்று.

அந்த ஐந்து வாரங்களும் அச்சாடி என் அலமாரியில், என் நாற்பது சாடிகளுக்கு நடுவே நின்றது. நின்றது என்பதுகூடத் தவறு, சாய்ந்திருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் கண் அதில்தான் போய் விழும். அறிஞர் வருவார், செய்தித்தாள்களில் படம் வரும், என் முன்னாள் மாணவியர் ஆயிரம்பேர் அதைப் பார்ப்பார்கள். டீச்சர் காட்டியதுபோல் இல்லையே என்பார்கள். ஒரு கூலிக்காரனின் அவசரத்திற்காக என் ஒன்பதாண்டுப் பாடம் பொய்யாகவேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

ஆகவே திருத்தினேன். மாணவி எழுதிய கட்டுரையில் கருத்து நன்றாக இருந்து கையெழுத்து மோசமாக இருந்தால், நற்படி ஒன்று எழுதித்தான் மேலிடத்துக்கு அனுப்புவோம். அதே உயரம், அதே மண், ஓடைமேட்டு மண்ணேதான். பிடிகள் சமமாக, வாய் வட்டமாக, அந்த யவனன் விழிப்போடு இருந்திருந்தால் எப்படிச் செய்திருப்பானோ அப்படியே வனைந்தேன். உப்புநீரில் ஊறவைத்துச் சேறு பூசினேன். சேறு போலியன்று, அவர்கள் தெருவில் எடுத்ததுதான்.

அருணாச்சலம் வந்த நாளில் நாற்பத்திரண்டு குடும்பங்களும் என் வாசலில் நின்றன. வேலியோரம் இருந்த செம்பருத்திச் செடிகள் இரண்டு மிதிபட்டன. அதைப் பற்றி அன்றும் நான் புகார் செய்யவில்லை.

அவர் நற்படியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தம் கைப்பையிலிருந்து அளவுகருவியை எடுத்தார். இரு பிடிகளையும் அளந்துவிட்டுச் சிரித்தார்.

"யவனன் இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டான், அம்மா. கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியவன் அவன். இது இந்த ஆண்டு, இந்த ஊரில் செய்தது" என்றார்.

என் வேலைப்பாட்டைப் பற்றி முறையாக அறிந்தவர் ஒருவர் சொன்ன முதற்சொல் அது. மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

செல்லியம்மாள் முன்னால் வந்து பார்த்தாள். "இது இல்லீங்க, சார். எங்குது கோணலா இருந்துச்சி. வெரல் வச்ச குழி இருந்துச்சி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா நம்புவாரு."

அறிஞரும் என்னைத்தான் பார்த்தார். நான் மூன்று வாக்கியங்கள் சொன்னேன். "இவள் எனக்கு மண் வெட்டித் தருபவள். நான் வனைவதை ஒன்பதாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைத்திறன் உடையவள்." அவ்வளவுதான். இம்மூன்றில் எதுவும் பொய்யன்று. அவற்றைக் கூட்டி நான்காம் வாக்கியத்தை அவர் தாமே அமைத்துக்கொண்டார். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

செல்லியம்மாள் பதில் பேசவில்லை. நான் கற்பித்த பாடத்தை அன்றுதான் கற்றாள்.

அரசை ஏமாற்ற முயன்றதாக வழக்குப் போட்டு, அவளை நான்கு மாதம் சிறையில் வைத்தார்கள். ஓடைமேட்டை இடித்துக் குழாய்த் தொழிற்சாலை கட்டினார்கள். குழாய்களாவது நேராக இருக்கின்றன. குடும்பங்களைப் பழவேற்காட்டுப் பக்கம் உவர்நிலத்தில் குடியேற்றினார்கள். கிணறு வெட்டினால் உப்புநீர் வந்ததாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்; அவர்கள் யாரை நினைத்தார்களோ, தெரியவில்லை.

சிறையிலிருந்து வந்தபின் ஒருமுறை என் வெளிக்கதவருகே நின்றாள். தலை நரைத்துப்போயிருந்தது.

"எடம் போனா போவட்டும்மா. எங்குத மட்டும் குடுத்துடுங்க. என்னாலதான் ஊரு போச்சின்னு எங்க ஜனம் எங்கூடப் பேசறதில்ல. நான் பொய் சொல்லலன்னு அவங்க கண்ணுல காட்டிட்டு, மறுநாளே கொண்டாந்து குடுத்துடறேன்" என்றாள்.

அது என் உணவு வேளை. உணவு வேளையில் கதவு திறப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். சோறு உண்டு, கை கழுவி, பாத்திரங்களை அடுக்கிவிட்டு வந்து பார்த்தபோது, வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் மறுபடி உள்ளே சென்று சற்றுப் படுத்தேன். எழுந்து பார்த்தபோது இல்லை. காத்திருக்கும் பொறுமை இக்காலத்தில் எவருக்குமில்லை.

1974 மழைக்காலத்தில் அந்த உவர்நிலத்தில் வாந்திபேதியால் இறந்தாள் என்று கேள்விப்பட்டேன். தூக்கிச் செல்ல அவள் தெருவிலிருந்து நால்வர்கூட வரவில்லை என்றார்கள். நான் ஓர் இரங்கற்கடிதம் அனுப்பினேன். பெறுபவர் இல்லையென்று திரும்பி வந்தது. உறை கசங்கியிருந்தது.

சென்ற மாதம் குழாய்த் தொழிற்சாலையில் இரண்டாம் கொட்டகைக்கு அடித்தளம் தோண்டியபோது ஏழு சாடிகள் கிடைத்தனவாம். ஏழும் கோணலாம். ஏழிலும் இடப்பிடியின் கீழ் ஒரே கட்டைவிரற்குழியாம். அன்று ஒரு பெண் கோணல் என்றாளே என்பது அருணாச்சலத்துக்கு ஆறாண்டுகள் கழித்து நினைவுக்கு வந்து, தங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறார். அறிஞர்களுக்கு நினைவு மெல்லத்தான் வரும். ஒரே தவற்றை ஏழுமுறை செய்தவனைச் சான்றாக அழைத்து வருகிறார், நான் மறுக்கவில்லை.

ஆம், அவள் கொண்டுவந்த சாடியை ஒளித்தவள் நான். அதனிடத்தில் என் சாடியை வைத்தவள் நான். அவள் உண்மை சொல்கிறாள் என்பதை அறிந்தே, அவள் முகத்தைப் பார்த்தபடியே, அம்மூன்று வாக்கியங்களைச் சொன்னவளும் நானே. காவலர் இதைத் தனிப் பத்தியாக எழுதட்டும்.

சாடி தங்களுக்குப் பின்னால், அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. வந்ததிலிருந்து நான்குமுறை அதைப் பார்த்துவிட்டீர்கள். தங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. குறை தங்கள் கண்ணில் இல்லை. நான் அதை உடைக்கவில்லை. பழம்பொருளை உடைக்க நான் காட்டுமிராண்டி அல்லேன். உயர்ந்திருந்த பிடியை அரத்தால் தேய்த்து மற்றதற்குச் சமமாக்கினேன். வாயின் விளிம்பை உரசி வட்டமாக்கினேன். கழுத்தின் சாய்வை மட்டும் செங்கற்பொடியும் சிமெண்டும் குழைத்துப் பூசி மறைக்கவேண்டியிருந்தது. நீர் ஊற்றாதீர்கள், கசியும்.

விரற்குழியையும் அதே கலவையால் அடைத்துவிட்டேன். அடைக்குமுன், ஒருதலைப்பட்சமாக முடிவு செய்யலாகாதென்று, என் கட்டைவிரலையும் அதில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பிழை யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தங்களுக்கும் வேண்டியிராது.