தண்டச்சோறு என்றே பதியவும்

வாக்குமூலம் அளிப்பவர்: பொருளாதாரத் தடைப் பட்டியலில் நான்காம் இலக்கத்தில் காணப்படும் பெண். வயது நாற்பத்தாறு. கல்வி: வணிகச் சட்டத்தில் முதுகலை. தொழில்: முன்பு தடைச் சட்ட ஆலோசகர், தற்போது எதுவும் இல்லை. முகவரி: தங்கையின் கணவர் நடத்தும் சலவைக் கடையின் மேல்மாடி, பின்பக்க அறை.

என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. ஆய்வாளர் தேநீர் வரவழைத்தார். அதை எனக்குத் தரலாமா, தந்தால் தானும் சட்டத்தை மீறியவர் ஆவாரா என்று என்னிடமே கேட்டார். தேநீரை விற்றுக் காசாக்க முடியாது, அதனால் தரலாம் என்று சொன்னேன். அதன் பிறகு குடித்தேன்.

நான் பதினொரு ஆண்டுகள் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வங்கிகளும் கப்பல் நிறுவனங்களும் எங்களிடம் வந்து, இன்னாரோடு வியாபாரம் செய்யலாமா, அவர் ஏதாவது ஒரு நாட்டின் தடைப் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்பார்கள். நாங்கள் ஆராய்ந்து பதில் எழுதிக் கொடுப்போம். பெரியவர் என்று நாங்கள் அழைத்த இயக்குநர், முன்பு அரசாங்கத்தில் அந்தப் பட்டியல்களைத் தயாரித்த இடத்திலேயே இருந்தவர். கேப்டன் என்பவர் உண்மையாகவே கப்பல் ஓட்டியவர். ஒரு கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று படத்தில் பார்த்தே, அது காலியாக வருகிறதா, சொல்லாத சரக்கோடு வருகிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு வழக்கறிஞர் இருந்தார். நான்காவது நான். என் வேலை சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது. தடை விதிக்கப்பட்டவர் எவரும் எதையும் தன் பெயரில் வைத்திருப்பதில்லை. மைத்துனன் பெயரில் ஒரு நிறுவனம், அந்த நிறுவனத்தின் பெயரில் இன்னொன்று, அதற்கும் மேலே ஏதோ ஒரு தீவில் மூன்றாவது. கடைசியில் ஒரு மனித முகம் தென்படும்வரை நான் தோண்டிக்கொண்டே போவேன். அதனால் கேப்டன் எனக்குப் பெருச்சாளி என்று பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அந்த நாட்களில், பட்டியலில் உள்ளவருக்கு எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று பொதுமக்களுக்கு விளக்கம் எழுதித் தரும்படி, தடைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசுத் துறை எங்கள் பெரியவரைக் கேட்டது. பெரியவர் அதை என்னிடம் தந்தார். உறவினர் அன்பின் பேரில் தரும் சாப்பாடும் தங்கும் இடமும் குற்றம் ஆகாது, ஆனால் உழைப்புக்கு ஈடாகத் தரப்படுவது ஒரு வேளைச் சாப்பாடே ஆனாலும் அது கூலிதான், தந்தவர் குற்றவாளி என்று எழுதினேன். இன்று ஆய்வாளர் அந்தப் பத்தியை எனக்கு வாசித்துக் காட்டினார். அதை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அதில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று அவர் வாசிக்கும்போதே தேடினேன். இல்லை.

அதன் பிறகு நடந்தது: எங்களிடம் வந்த ஒரு கப்பல் நிறுவனத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை என்று நிறுவனம் சான்று கொடுத்தது. பின்னால் அங்கே தடை விதிக்கப்பட்ட ஒருவர் இருந்தது தெரியவந்தது. அது வேறு நீதிமன்றத்தில் நடக்கும் விஷயம், இங்கே அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் என்னையும் பங்குதாரர் ஆக்கி, அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். பங்குதாரர்கள் நால்வரின் பெயரும் பட்டியலில் ஏறியது. அன்று கேப்டன் தொலைபேசியில் அழைத்து, "பெருச்சாளிம்மா, இந்தத் தடவை பொந்துக்குள்ள நம்மளே இருக்கோம்" என்றார். அதன் பிறகு அவரோடு பேசவில்லை.

அன்றே என் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. வீட்டுக்காரர் என்னிடம் வாடகை வாங்கப் பயந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அவர் பயந்தது நியாயம்தான் என்று அவரிடமே சொன்னேன். என் சொந்தப் பணத்தில் சாப்பாட்டுச் செலவுக்கு எடுக்க அனுமதி கேட்டு மனுப் போட்டேன், இன்றுவரை பதில் இல்லை. அதன் பிறகு என் தங்கை கடை வண்டியோடு வந்தாள். ஏறலாமா, அதற்குப் பெட்ரோல் செலவு யாருடையது என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு ஏறு. சட்டம் பேசினா நடுரோட்டுல இறக்கி விட்டுடுவேன்" என்றாள். ஏறினேன்.

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். கடை அவள் கணவர் பெயரில் இருக்கிறது. முன்னால் துணி வாங்கும் மேசை, அதன் பின்னால் சலவை இயந்திரங்கள், ஜன்னல் ஓரம் இஸ்திரி மேசை. இஸ்திரி போடுவதற்கு ஒருவர் இருக்கிறார். மாடியில் குடும்பம். எனக்குத் தந்த பின்பக்க அறையின் தரை, இயந்திரம் சுற்றும்போது உள்ளங்காலில் அதிரும்.

சில மாதங்கள் நான் அந்த அறையை விட்டு இறங்கவில்லை. ஒரு நாள் கீழே ஒருவர் தன் சாம்பல் நிறக் கோட்டு தொலைந்துபோனதாகச் சத்தம் போட்டார். தங்கையின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அது அவளுடைய வழக்கம் இல்லை, அதனால் இறங்கிப் போனேன். கடையின் பின்சுவரில் யாருடையது என்று தெரியாத துணிகள் ஒரு கம்பி நிறையத் தொங்கின. அவற்றில் வேறொரு சாம்பல் கோட்டு இருந்தது. இந்தக் கோட்டின் சொந்தக்காரரிடம் தொலைந்த கோட்டு மாறிப் போயிருக்கும் என்று நினைத்தேன். கோட்டில் ஒரு பொத்தான் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. அன்று சலவைக்கு வந்த துணிகளில் அதே பச்சை நூலில், அதே முரட்டு முடிச்சோடு தைத்த பொத்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சிறுவனின் கால்சட்டையில் இருந்தது. அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டபோது கோட்டு அங்கேதான் இருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு கோட்டுகளும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

"இத்தனை வருஷம் கப்பலையும் தீவையும் தோண்டின. இதுக்காவது உதவிச்சே" என்று தங்கை சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் இறங்கினேன். கம்பி காலியாகும்வரை சொந்தக்காரர்களைத் தேடினேன். வரும் துணிகளுக்கெல்லாம் அடையாளச் சீட்டுக் கட்டினேன். இஸ்திரி போடுபவர், "அக்கா சட்டைங்களையெல்லாம் ஆளைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறாங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வார். எனக்கு நேரம் எதுவும் குறிக்கப்படவில்லை, நான் இறங்காவிட்டால் ஏன் என்று கேட்பவரும் இல்லை. கூலி என்று ஒன்று பேசப்படவே இல்லை. காலையில் எழுந்ததும் செருப்பைத் தேடும் பழக்கம் எனக்கு அப்போது திரும்ப வந்தது.

அதன் பிறகு, பெரிய இயந்திரம் பழுதாகிக் கடை நொடித்திருந்த ஒரு வாரத்தில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். தங்கையின் கணவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "தண்டச்சோறு போட்டுப் போட்டே நான் போண்டியாகப் போறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கடைச் சாவியைக் கொடுக்க வந்த இஸ்திரிக்காரர் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். தங்கை கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"யாரு தண்டச்சோறு? காலையில இருந்து உங்க கடையில நிக்கிறது யாரு? எங்க அக்கா உழைச்சுத் திங்கிறா. இன்னொரு தடவை அந்த வார்த்தை உங்க வாயில வந்துச்சு, அப்புறம் நீங்களே பொங்கித் தின்னுங்க."

நான் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகக் கீழே இறங்கினேன்.

அதன் பிறகு, கடைக்குக் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பட்டியலில் உள்ளவர் தங்கும் முகவரியும் கடை முகவரியும் ஒன்றாக இருப்பதால் நேரில் பார்க்க வந்ததாகச் சொன்னார். அவர் செய்தது சரி. ஒரு காலத்தில் நான் நடத்திய பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். என் கையில் இருந்த அடையாளச் சீட்டுகளைப் பார்த்து, "மேடம், நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று அந்தக் கடையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் பதில் சொல்வதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"வேலை பாக்காம? அவ வந்த பிறகுதான் இது கடை மாதிரியே இருக்கு!"

மேசைக்குக் கீழே அவள் கையைக் கிள்ளினேன். "ஏன்க்கா கிள்ளுற?" என்று உரக்கக் கேட்டாள்.

அந்த வாரமே கடைக் கணக்கு முடக்கப்பட்டது. தங்கையை இங்கே அழைத்து விசாரித்தார்கள். அக்காவுக்குச் சாப்பாடு போட்டது எதற்காக என்று கேட்டதற்கு, "சும்மா யாரும் போடலை, உழைச்சுத்தான் சாப்பிட்டா" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். தடை விதிக்கப்பட்டவருக்குக் கூலி கொடுத்ததாக அவள் மீது வழக்குப் பதியவும், அவளைச் சிறைக்கு அனுப்பவும் அந்த ஒரு வரி போதும். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அக்காவைப் பெருமையாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

இன்று என்னை அழைத்ததும் இஸ்திரிக்காரர் உட்பட நாங்கள் எல்லோரும் வந்தோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தங்கையிடம், சொன்னதை மாற்றிச் சொல் என்று கேட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை.

"மாட்டேன். என்னைப் பொய் சொல்லச் சொல்லாதக்கா."

"பொய் இல்லடி. கூலின்னு நாம எப்பவாவது பேசினோமா? சட்டப்படி நான் சும்மாதான் சாப்பிட்டேன்."

"உன் சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. நீ வந்து உக்காந்து தின்னேன்னு இவங்க காகிதத்துல எழுதி வெச்சுக்கணுமா? நான் ஜெயிலுக்கே போறேன்."

"போனா கடையை யாரு பாப்பா? நான் பாக்கக் கூடாதுடி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அவள் கணவரிடம் திரும்பி, அன்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, ஏதோ கடுப்புல வந்துடுச்சு. அப்பவே மன்னிப்புக் கேட்டிருக்கணும்."

"மன்னிப்பு வேண்டாம். உள்ள வந்து அதையே சொல்லுங்க."

"எப்படிக்கா சொல்லுவேன், உங்க முன்னாடி?"

"என் முன்னாடிதானே சொன்னீங்க."

அதன் பிறகு நான் ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவரையும் இஸ்திரிக்காரரையும் உள்ளே அழைத்தார்கள். தங்கையின் கணவர் தன் செருப்பைப் பார்த்தபடி அந்த வார்த்தையைச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்று ஆய்வாளர் சொன்னதால் இன்னொரு முறை சொன்னார். இஸ்திரிக்காரர், "ஆமாங்க, நானும் காதால கேட்டேன். ஆனா அந்தம்மா..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆகவே நான் தெரிவித்துக்கொள்வது: நான் கடையில் துணிகளோடு இருந்த அதே காலத்தில், கடையின் சொந்தக்காரரே என்னைச் சும்மா சாப்பிடுகிறவளாகத்தான் கணக்கில் வைத்திருந்தார். நான் அங்கே கட்டிய சீட்டுகளும் தேடிய தேடலும் பொழுது போகாமல் செய்தவை, அவற்றுக்கு மதிப்பு எதுவும் இல்லை. என் தங்கை சொன்னது அக்காவின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது. எனக்குச் சாப்பாடு போட்டது பாசத்தால் மட்டுமே.

"அப்போ அந்தக் கோட்டு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பொழுது போகலை, தேடினேன்."

"நல்லாத்தான் தேடியிருக்கீங்க" என்றார்.

இனிமேல் கடையில் ஒரு துணியை நான் தொட்டாலும் இந்த வாக்குமூலம் பொய்யாகிவிடும், என் தங்கை மீது வழக்குப் பதியப்படும் என்று ஆய்வாளர் விளக்கினார். தெரியும், என்னிடம் ஆலோசனைக்கு வந்தவராக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றேன். அதன் பிறகு, சாப்பிட்ட தட்டை நான் கழுவலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்றார். என் தட்டை மட்டும் கழுவலாம், மற்றவர்களுடையதைத் தொடாமல் இருப்பது நல்லது என்று சொன்னேன். அதையும் பதிந்துகொண்டார்.

மேலே கண்டவை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ஓரிடத்தில் "இலவச உணவு" என்று தட்டச்சு ஆகியிருந்தது. என் மனம் நோகக்கூடாது என்று அப்படிப் போட்டதாக ஆய்வாளர் சொன்னார். அதை அடித்துவிட்டு, தங்கையின் கணவர் சொன்ன சொல்லையே போடும்படி கேட்டுக்கொண்டேன். அந்தச் சொல் இருந்தால்தான் இது நிற்கும். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் இட்டேன். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது என்று ஏற்று, என் தங்கை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
பட்டியல் இலக்கம் நான்கு